ஓப்பன்வியூவில் ஒரு பேட்ச்: போட்டதும் கழற்றியதும் திரும்பப் போட்டதும்

2002 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய செர்ட் மையம் (கணினிப் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எச்சரிக்கும் அமைப்பு) ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எண் சிஏ-2002-03. பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று, ப்ரோட்டோஸ் என்ற சோதனைத் தொகுப்பை வைத்து நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைச் சோதித்துப் பார்த்திருந்தது. பாக்கெட்டுக்குள் நீளத்தைக் குறிக்கும் இடத்தில் தப்பான எண், இருக்கவே கூடாத அளவுக்கு நீண்ட எழுத்துச் சரம் என்று வேண்டுமென்றே கெடுத்த செய்திகளை அனுப்பினால், வாங்கும் மென்பொருள் நின்றுபோகிறது. சிலவற்றில் வெளியாள் உள்ளே நுழையவும் வழி திறக்கிறது. ஏதோ ஒரு கம்பெனியின் தயாரிப்பில் மட்டும் இருந்த சிக்கல் இல்லை. ரவுட்டர், ஸ்விட்ச், பிரிண்டர், மேலாண்மை மென்பொருள் என்று எஸ்என்எம்பி பேசுகிற பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இருந்தன.

அப்போது நான் சென்னையில் ஒரு வங்கியின் நெட்வொர்க் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைகளின் ரவுட்டர்கள் எல்லாம் எங்களிடம் இருந்த, எச்பியின் கண்காணிப்பு மென்பொருளான ஓப்பன்வியூ நெட்வொர்க் நோட் மேனேஜருக்குத்தான் (சுருக்கமாக என்என்எம்) ட்ராப் அனுப்பும். ஏதாவது நடந்தால் சாதனம் தானாகவே அனுப்பும் எஸ்என்எம்பி செய்திக்குத்தான் ட்ராப் என்று பெயர். எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸ் ஓடும் இயந்திரம், என்என்எம் 6.2. எச்சரிக்கையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது ஒரே ஒரு விஷயம்தான்: ட்ராப் வாங்கும் 162-ஆம் யூடிபி போர்ட் எப்போதும் திறந்தே இருக்கும். இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் முறையான யூடிபியில், அனுப்பியவரின் முகவரியைப் பொய்யாகப் போடுவது எளிது. எஸ்என்எம்பியின் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சரம் தெரியாதவர் அனுப்பினாலும், அதைச் சரிபார்க்கவே முதலில் பாக்கெட்டைப் பிரித்தாக வேண்டும். அந்தப் பிரிக்கிற இடத்தில்தான் கோளாறே.

ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் கைக்கு வருமுன் செய்யக்கூடியதை அன்று மாலையே தொடங்கினோம். வெளி உலகைப் பார்க்கும் ரவுட்டர்களில் எஸ்என்எம்பியின் 161, 162 போர்ட் இரண்டையும் அக்சஸ் லிஸ்ட் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) போட்டு அடைத்தோம். ஒவ்வொரு கிளையையும் எங்களோடு சேர்க்கும் தொலைதூர (WAN) இணைப்பிலும், அந்தக் கிளைக்குரிய முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட் மட்டும் உள்ளே வரும்படி வடிகட்டினோம். மந்தமான வேலைதான். ஆனால் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

அப்புறம் பேட்ச் வந்தது. எச்பி-யூஎக்ஸ் பேட்ச்களின் பெயரிலேயே வகை தெரியும்: பிஎச்கேஎல் என்றால் கெர்னல், பிஎச்என்இ என்றால் நெட்வொர்க், பிஎச்சிஓ என்றால் பொதுக் கட்டளைகள், பிஎச்எஸ்எஸ் என்றால் மற்ற துணை மென்பொருள்கள். ஓப்பன்வியூ பேட்ச்கள் பிஎச்எஸ்எஸ் வகையில் வந்தன. இறக்கிய கோப்பை ஷெல்லில் ஓட்டினால் இரண்டு கோப்பாகப் பிரியும். ஒன்று டிப்போ (இன்ஸ்டால் ஆகும் தொகுப்பு), மற்றது டெக்ஸ்ட் (அதற்கான விளக்கம்). பலரும் டிப்போவை எடுத்துக்கொண்டு நேராக இன்ஸ்டாலுக்குப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை அந்த டெக்ஸ்ட் கோப்பில்தான் இருக்கிறது. எந்தக் கோளாறுகளைச் சரிசெய்கிறது, எந்தக் கோப்புகளை மாற்றுகிறது, எந்தப் பழைய பேட்சுக்குப் பதிலாக வருகிறது, இதற்கு முன் வேறு எந்தப் பேட்ச் இருந்தாக வேண்டும், தனியாகச் செய்ய வேண்டியது என்னென்ன, எல்லாம் அதில் இருக்கும். கோப்புகள் கெடாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் செக்சம்கூட இருக்கும். நான் அதைப் பிரிண்ட் எடுத்து, மாறப்போகும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் குறித்தேன். ட்ராப்டி.கான்ஃப் விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. எந்த ட்ராப் வந்தால் எந்த அலாரம், என்ன நிறம், என்ன வாசகம் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். எங்கள் கிளைகளுக்கென்று நாங்கள் எழுதிச் சேர்த்திருந்தவையும் அதில்தான். பேட்ச் அதில் புதிய நிகழ்வுகளைச் சேர்க்கும் என்று போட்டிருந்தது. உடனே அந்தக் கோப்பின் பிரதி ஒன்றை வேறு இயந்திரத்தில் எடுத்து வைத்தேன்.

அடுத்தது இடம். எச்பி-யூஎக்ஸில் பேட்ச் போடும்போது, மாற்றப்படும் பழைய கோப்புகள் வார் (/var) டைரக்டரிக்குக் கீழே, /var/adm/sw/save என்ற இடத்தில் பத்திரமாக வைக்கப்படும். பேட்சைக் கழற்றும்போது அங்கிருந்துதான் அவை திரும்பி வரும். ஆகவே வார் நிறைந்திருந்தால் போடுவதும் சிக்கல், கழற்றுவதும் சிக்கல். வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் பிடிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால் வார் நெருக்கமாகத்தான் இருந்தது. 'கிளீனப் கட்டளை ஓட்டினால் இடம் கிடைக்குமே' என்று ஒரு யோசனை வந்தது. அந்தக் கட்டளை, புதிய பேட்ச் வந்து பின்னுக்குத் தள்ளப்பட்ட பழைய பேட்ச்களை நிரந்தரமாக்கிவிட்டு, சேமித்த கோப்புகளை அழித்துவிடும். இடம் கிடைக்கும், சரி. ஆனால் நிரந்தரமாக்கிய பேட்சை அப்புறம் தனியாகக் கழற்ற முடியாது. நாங்கள் அதைத் தொடவில்லை. பழைய லாக் கோப்புகளையும், நின்றுபோன நிரல்கள் விட்டுச்சென்ற கோர் கோப்புகளையும் அகற்றி இடம் செய்துகொண்டோம்.

சோதனை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தில் ஒன்று மட்டும் கிடையாது. என்என்எம்மில் அலாரம் வந்தால், அதைப் பிடித்து ஹெல்ப்டெஸ்க்கில் தானாக டிக்கெட் போடும் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் அது. அதன் லைசென்ஸ் நிஜ இயந்திரத்துக்கு மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை இரவு அனுமதி கிடைத்தது. திரையில் மேப் திறந்து வைத்திருந்த எல்லோரையும் மூடச் சொன்னோம். முதலில் ஓவி-பேக்கப். இது என்என்எம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சேவைகளைச் சற்று நிறுத்தி வைத்து டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும். ஆகவே என்என்எம் சேவைகளை முழுதாக நிறுத்தும் ஓவி-ஸ்டாப்புக்கு முன்னால் செய்தாக வேண்டும். அது முடிந்ததும் ஓவி-ஸ்டாப். அந்த நேரத்தில் கிளைகளிலிருந்து வரும் ட்ராப் எல்லாம் காற்றோடு போய்விடும். முதல் பதிப்பு ட்ராப் போய்ச் சேராவிட்டாலும் சாதனம் அதைத் திரும்ப அனுப்பாது. அதனால் ஒரு தம்பி ரவுட்டர்களின் நிகழ்வுப் பதிவான சிஸ்லாகைத் தனித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். பேட்ச் போடும் எஸ்டபிள்யூ-இன்ஸ்டால் கட்டளையை முதலில் முன்னோட்டமாக மட்டும் ஓட்டினேன். இடம், சார்புகள், முரண்கள் எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு, எதையும் மாற்றாமல் நின்றுவிடும். லாக் சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் நிஜமான இன்ஸ்டால்.

போட்டு முடித்ததும் 'வாட்' கட்டளை. ட்ராப் வாங்கும் ஓவி-ட்ராப்டி கோப்பின் மேல் அதை ஓட்டினால், உள்ளே பதிந்திருக்கும் பதிப்பு வரி தெரியும். டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும் வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். போயிற்று. ஓவி-ஸ்டார்ட் கொடுத்து, ஓவி-ஸ்டேட்டஸ் பார்த்தோம். என்என்எம்மின் சேவைகளான நெட்மான், பிஎம்டி, ஓவி-டோப்எம்டி எல்லாம் ரன்னிங். லேப் ரவுட்டரில் சும்மா கிடந்த ஒரு இன்டர்ஃபேஸை ஷட் செய்ததும் லிங்க்-டவுன் அலாரம் வந்தது. திறந்ததும் லிங்க்-அப் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து போன். "சார், மூணு பிராஞ்ச் லைன் போயிருக்கு. மேனேஜரே கூப்பிட்டுச் சொல்றாரு. எங்களுக்கு ஒரு டிக்கெட்கூட வரலையே!" அலாரம் திரையைப் பார்த்தால் மூன்று கிளையும் சிவப்பாகத்தான் இருந்தன. டிக்கெட் மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தது, பிராசஸ் பட்டியலில் உயிரோடு இருந்தது. ஆனால் அதன் லாக்கில் சனி இரவுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. நிறுத்தி ஓட்டினோம், மாற்றமில்லை. அது ஓப்பன்வியூவின் பழைய லைப்ரரிகளோடு (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் குறியீட்டுக் கோப்புகள்) பிணைத்துக் கட்டப்பட்டது. பேட்ச் அந்த லைப்ரரிகளை மாற்றியிருந்தது. அந்த நிறுவனத்தைக் கேட்டபோது, புதிய பேட்ச் நிலைக்கான பில்ட் (தொகுத்த புதிய பதிப்பு) தயாராகிக்கொண்டிருக்கிறது, அதுவரை பழைய நிலையில்தான் தங்களால் உதவ முடியும் என்றார்கள்.

இப்போது எதை விடுவது? பேட்ச் இருந்தால் ஓட்டை அடைபடும், டிக்கெட் வராது. கழற்றினால் டிக்கெட் வரும், ஓட்டை திறக்கும். எங்கள் மேலாளர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஃபில்டர் எல்லாக் கிளையிலயும் போட்டாச்சா?" போட்டாயிற்று என்று கான்ஃபிக் பிரதிகளைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கழற்றச் சம்மதித்தார். அந்த வடிகட்டல் மட்டும் இல்லாதிருந்தால், டிக்கெட்டைக் கையால் எழுதச் சொல்லிவிட்டு பேட்சை அப்படியே விடுங்கள் என்றுதான் நானும் வாதாடியிருப்பேன்.

கழற்றுவதையும் முன்னோட்டத்திலிருந்தே தொடங்கினேன். கழற்றும் கட்டளையான எஸ்டபிள்யூ-ரிமூவ் மறுத்துவிட்டது. அதே இரவில் போட்ட இன்னொரு சிறு பேட்ச் இதை நம்பியிருந்தது. சார்புச் சோதனையை அணைத்துவிட்டு வலுக்கட்டாயமாகக் கழற்றவும் ஒரு விருப்பம் உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள். நம்பியிருந்ததையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தேன், முன்னோட்டம் நிறைவேறியது. திரும்ப ஒரு ஓவி-பேக்கப், ஓவி-ஸ்டாப், அப்புறம் எஸ்டபிள்யூ-ரிமூவ். சேவ் டைரக்டரியிலிருந்து பழைய கோப்புகள் திரும்பின. முன்பு பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்த பழைய பேட்ச், போட்டவற்றைப் பட்டியலிடும் எஸ்டபிள்யூ-லிஸ்ட்டில் மீண்டும் நடப்புப் பேட்சாக நின்றது. 'வாட்' பழைய வரியைக் காட்டியது.

ஆனால் கழற்றினால் எல்லாமே பழையபடி ஆகிவிடாது. திரும்பி வருவது பேட்ச் கொண்டுவந்த கோப்புகளுக்கு முந்தைய பிரதிகள் மட்டும்தான். ட்ராப்டி.கான்ஃப் போன்றவை, போட்டபோது நடந்த சேர்க்கையோடு அப்படியே நின்றன. எடுத்து வைத்திருந்த பிரதியோடு, வித்தியாசம் காட்டும் டிஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். பேட்ச் சேர்த்த நிகழ்வுகள் அத்தனையும் இருந்தன. எங்களுடையவையும் பத்திரமாகவே இருந்தன. பிரதியைத் திரும்ப வைத்துவிட்டு, என்என்எம்மை அதைப் படிக்க வைத்தேன். டேட்டாபேஸையும் பேக்கப்பிலிருந்து மீட்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். டேட்டாபேஸ் அமைப்பு மாறுவதாக டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரியும் இல்லை. மீட்டால் இடையில் கண்டுபிடித்த சாதனங்களும் நிலை மாற்றங்களும் தொலைந்திருக்கும். ஓவி-ஸ்டார்ட் கொடுத்த சிறிது நேரத்தில் டிக்கெட் மென்பொருளின் லாக்கில் வரிகள் ஓடத் தொடங்கின.

பிற்பாடு அவர்களுடைய புதிய பில்ட் வந்தது. இந்தத் தடவை லைசென்ஸ் விஷயத்தில் விடவில்லை. சோதனை இயந்திரத்துக்கும் ஒரு தற்காலிக லைசென்ஸ் கொடுத்தால்தான் ஆயிற்று என்று கேட்டு வாங்கினோம். அங்கே பேட்சையும் பில்டையும் சேர்த்துப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தோம். லிங்க்-டவுன் அனுப்பி, அலாரம் திரையில் வருவதோடு நிறுத்தாமல், ஹெல்ப்டெஸ்க் திரையில் டிக்கெட் எண் விழும்வரை காத்திருந்தோம். நிஜ இயந்திரத்திலும் அதே வரிசையில் செய்தோம்.

இன்றைக்கு இதே வேலையை மெய்நிகர் இயந்திரத்தில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நிலையின் பிரதி) எடுத்துக்கொண்டு செய்பவர்கள், கழற்றுவது ஒரு கிளிக் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் டேட்டாபேஸும் சேர்ந்தே பின்னால் போகும். இடையில் வந்த அலாரங்களும் வரைபடங்களும் போய்விடும். சில மணி நேரத்துக்குள் என்றால் ஸ்னாப்ஷாட். நாள்கணக்கில் ஓடிவிட்டது என்றால் பேக்கேஜ் வழியாகக் கழற்றிவிட்டு, கான்ஃபிக் கோப்புகளை டிஃப் போட்டுப் பார்ப்பதைத்தான் நான் இன்றும் செய்வேன். டேட்டாபேஸ் அமைப்பையே மாற்றும் பெரிய அப்கிரேடு என்றால் கதை வேறு. அங்கே பேக்கப்பை மீட்பதைத் தவிர வழியில்லை, அதை இன்ஸ்டாலுக்கு முன்பே மேலிடத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

கிளைகளில் போட்ட அந்த முகவரி வடிகட்டலை, பேட்ச் நிலைத்த பிறகும் நாங்கள் எடுக்கவில்லை. புதிதாகத் திறந்த ஒவ்வொரு கிளையின் ரவுட்டர் கான்ஃபிக்கிலும் முதல் சில வரிகளாக அதுவும் சேர்ந்தே போயிற்று.