பிஸ்கட் டின்னில் இருந்த கடிதம்

1998 டிசம்பர் கடைசி வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரமே கடற்கரையில் கிடந்தது. நானும் என் மாமியாரும் ஓர் அரசு அலுவலக வரிசையில் நின்றோம். அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து எனக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பறிபோன நிலத்துக்கு விண்ணப்பம் எழுத வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் வேலை என் தலையில் விழுந்தது.

மாமியார் 1942இல் கேட்டோ மேனரில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒப்பந்தம் முடிந்த பிறகு நிலம் பிடித்துக் காய்கறி போட்ட பகுதி அது. அவருடைய அப்பாவும் கால் ஏக்கர் வாங்கித் தகர வீடு கட்டி, விடியுமுன் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் வார்விக் சந்தைக்குக் கொண்டுபோனவர். 1950இல், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. 1958இல் கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்கர்களை நகரத்தின் ஓரத்தில் இருந்த குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் லாரியில் ஏற்றினார்கள், இந்தியர்களுக்குச் சாட்ஸ்வொர்த். இவர்கள் முறை 1964இல் வந்தது. காலி செய்த இடத்தில் வெள்ளையர்களும் பெரிதாகக் குடியேறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இடித்துப்போட்டுவிட்டுப் புல் முளைக்க விட்டார்கள். கோவில்கள் மட்டும் ஆங்காங்கே நின்றன.

1994இல் வந்த நில உரிமை மீட்புச் சட்டப்படி, 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலத்தை இழந்தவர்களோ அவர்களின் வாரிசுகளோ கோரிக்கை வைக்கலாம். கடைசி நாள் 1998 டிசம்பர் 31. எங்கள் குடும்பம் கடைசி வாரம்தான் விழித்துக்கொண்டது. அதில் எங்களுக்குத் துணையாக வரிசையில் நூறு பேராவது இருந்திருப்பார்கள்.

விண்ணப்பத்தைக் கொடுத்து எண் வாங்குவது சுலபம். அதற்குப் பிறகுதான் படலம் ஆரம்பித்தது. நிலம் தாத்தாவுடையது, அதாவது மாமியாரின் அப்பாவுடையது என்று காட்ட வேண்டும், தாத்தாவுக்கு நாங்கள் வாரிசு என்று காட்ட வேண்டும். முதலாவதற்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வந்தது போதும். இரண்டாவதற்கு ஒன்றரை வருடம். தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஊர் இது. முதலியார் இங்கே மூட்லி, கவுண்டர் இங்கே கவெண்டர். தாத்தாவின் பெயர் பத்திரத்தில் ஒரு விதம், இறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம், மாமியாரின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம். போதாக்குறைக்குத் தாத்தா பாட்டி கல்யாணம் கோவிலில் தாலி கட்டி நடந்தது, பதிவு கிடையாது. சட்டத்தின் கண்ணில் பாட்டி மனைவியே இல்லை.

பழைய அண்டைவீட்டார் மூன்று பேரைச் சாட்ஸ்வொர்த்தில் தேடிப் பிடித்துப் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். ஒரு பாட்டிக்கு எங்கள் வீட்டு விலாசம் நினைவில்லை, ஆனால் எங்கள் ஆடு அவர் கீரைப் பாத்தியை மேய்ந்தது நினைவிருந்தது. அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது அந்த டின்தான். நிலத்தை எடுத்துக்கொள்வதாக அன்றைய அரசு தாத்தாவுக்கு அனுப்பிய கடிதம், நான்காக மடித்து, மடிப்பில் நைந்து, அதில் இருந்தது. மனை எண், பரப்பு, கொடுத்த அற்பத் தொகை, உரிமையாளர் பெயர், மனைவி பெயர், ஏழு பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். விரட்டியவர்களைப் போல இவ்வளவு ஒழுங்காக எங்கள் குடும்பத்தை வேறு யாரும் எழுதிவைக்கவில்லை. இதே வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பழைய காகிதம் எதையும், அவமானமாக இருந்தாலும், கிழித்துப் போடாதீர்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நடுவில் எங்கள் கோப்பு ஒரு மேஜையில் காணாமல்போய் எட்டு மாதம் கழித்து இன்னொரு மேஜையில் கிடைத்தது. நகல் கொடுத்திருந்ததால் பிழைத்தோம்.

பிறகு இடத்தைப் பார்க்க ஓர் அதிகாரியுடன் போனோம். அவர் வரைபடத்தை விரித்தார். மாமியார் அதைப் பார்க்கவே இல்லை. கோவிலை ஒரு முறை பார்த்தார், ஓடை எந்தப் பக்கம் என்று கேட்டார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஒரு மாமரத்தடியில் நின்றுவிட்டார். வரைபடமும் ஏறக்குறைய அங்கேதான் வந்து சேர்ந்தது. மரத்தை ஒட்டி மரப்பலகையும் தகரமும் அடித்த குடிசை. உள்ளிருந்து வந்த பெண் "சௌபோனா, கோகோ" (ஜூலுவில் 'வணக்கம், பாட்டி') என்று வணங்கி, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாமியாருக்கு ஜூலு நன்றாகவே வரும். தாத்தா நிலத்திலும் ஜூலுக் குடும்பங்கள் குடிசை போட்டு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தன. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் செத்தபோது ஆறேழு வயதுப் பிள்ளையான இவரைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "எங்களைக் கிளப்பிவிடுவீர்களா?"

மாமியார் பதில் சொன்னாரா என்று நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், நிலம் வேண்டாம், பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். அண்ணன் தம்பிகளிடம், அங்கே தண்ணீர் வசதி சரியில்லை என்று காரணம் சொன்னார்.

பணம் 2004இல் வந்தது. நிலத்தின் இன்றைய விலை இல்லை. நகர மனைகளுக்கு என்று நிர்ணயித்திருந்த தொகை. பெரிய மாமா, பெண்பிள்ளைகளுக்கு எதற்குப் பங்கு என்று ஆரம்பித்தார். சட்டத்தில் மகன் மகள் பேதம் இல்லை என்று அதிகாரியே சொன்னதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஏழு பங்காகப் பிரித்ததில் ஆளுக்கு ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம். மாமியார் அதைத்தான் வாங்கினார்.

மாமனார் வழி நிலத்துக்கு 1998இல் யாருமே விண்ணப்பிக்கவில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி மறுபடி கதவைத் திறந்தபோது என் கணவரின் சித்தப்பா ஓடிப்போய்க் கொடுத்தார். 2016 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. இடையில் வாங்கிய விண்ணப்பங்கள் அப்படியே இருக்கும், ஆனால் 1998 வரை வந்த பழையவை முடிந்த பிறகுதான் தொட வேண்டும். சித்தப்பாவுக்கு வயது எண்பத்திரண்டு. பிஸ்கட் டின்னை அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த விண்ணப்ப எண் அதில்தான் இருக்கிறது.