பல் வழக்குகளைப் படிக்கும் சட்ட மாணவருக்கு: முதலில் பல் அட்டையை வாசிக்கப் பழகுங்கள்

சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தீங்கியல் (ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கோரும் சட்டம்) பாடத்துக்கும் மருத்துவக் கவனயீனம் படிப்பவர்கள் தீர்ப்புகளை வரி பிசகாமல் பாடமாக்கி விடுகிறார்கள். பல் சம்பந்தமான பிரச்சினைக் கேள்வி வந்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பல் வழக்கின் பாதி, கிளினிக்கில் வைத்தியர் எழுதிய அட்டையிலும் அதோடு இணைத்த எக்ஸ்ரேயிலும் கிடக்கிறது. அதை வாசிக்கப் பழக்கக் கூடியவர் பல் வைத்தியர்தான். பரீட்சைக்குப் படிக்கும்போதே ஒருவரோடு முறையான அறிமுகம் வைத்துக்கொள்வது, தொழிலுக்கு வந்த பின்னும் கைகொடுக்கும்.

முதலில் பல் இலக்கம். கட்சிக்காரர் "இடப்பக்கக் கொடுப்புப் பல்லைப் பிழையாப் பிடுங்கிப் போட்டினம்" என்பார். அட்டையில் 36 என்று மட்டும் இருக்கும். எவ்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறையில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதியைச் சொல்கிறது: மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4. வலம், இடம் எல்லாம் நோயாளியின் பக்கம். எதிரே நின்று பார்ப்பவரின் பக்கம் அல்ல. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எண்ணுவது: 1, 2 வெட்டும்பற்கள், 3 வேட்டைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பற்கள், 6, 7, 8 கடைவாய்ப்பற்கள். ஆகவே 36 என்பது கீழ் இடப்பக்க முதலாவது கடைவாய்ப்பல். "முப்பத்தாறு" என்று வாசிக்காமல் "மூன்று ஆறு" என்று வாசியுங்கள். பால்பற்களுக்குக் கால்பகுதி இலக்கம் 5 முதல் 8 வரை வரும்போதும் குழப்பம் வராது. சிலர் சிலுவைக் கோடு போட்டு அதன் மூலையில் பல்லைக் குறிப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரின் அறிக்கையில் 1 முதல் 32 வரை ஒரே தொடராக எண்ணியிருக்கும். அங்கே 18 என்றால் கீழ் இடப்பக்க இரண்டாவது கடைவாய்ப்பல். இங்கே 18 மேல் வலப்பக்க ஞானப்பல். எந்த முறை என்று கேட்காமல் வழக்குரையில் இலக்கத்தை எழுதினால் வழக்கு வேறு பல்லுக்குப் போய்விடும்.

குற்றவியல் பக்கம் பலரும் கவனிக்காத ஒரு இடம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு கடுங்காயத்தை வரையறுக்கும்போது எலும்போடு பல்லையும் சேர்த்துச் சொல்கிறது: பல் முறிவு மட்டுமல்ல, பல் இடம்பெயர்தலும் அதற்குள் வரும். ஒரு குத்தில் முன்பல் ஒன்று உடைந்தால் 314ஆம் பிரிவில் (சாதாரண காயம்) நின்ற வழக்கு 316க்கு (கடுங்காயம்) போகிறது. ஆகவே எதிரித் தரப்பு முழுப் பலத்தையும் ஒரே கேள்வியில் வைக்கும்: அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததா? நீண்டகாலம் வெற்றிலை போடும் ஒருவரின் முரசு வற்றி, பல்லைத் தாங்கும் எலும்பும் குறைந்திருந்தால் அந்தக் கேள்விக்கு உயிர் வந்துவிடும். பதில் அறிக்கையில் இருக்க வேண்டும்: அடுத்த பற்கள் ஆடுகின்றனவா, குழியில் புது இரத்தக்கட்டு இருந்ததா, உதட்டின் உட்புறத்தில் பல் பட்ட கிழிசல் உண்டா, எக்ஸ்ரேயில் வேர் முறிவு தெரிகிறதா. கட்டுப்பல் உடைந்தால் அதைப் பல் முறிவு என்று வாதிடுவது கடினம். பரீட்சையில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் காட்டினாலும் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒழுங்கில்தான். அடிபட்டவர் நோ தாங்காமல் நேரே தனியார் கிளினிக்குக்குப் போகிறார். மிஞ்சிய வேர் எடுக்கப்படுகிறது. பிறகுதான் பொலிஸ், அதன் பின் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது அங்கே ஒரு வெற்றுக் குழிதான். உயிராபத்தோ கடும் இரத்தப்போக்கோ இல்லையென்றால் பொலிஸ் முறைப்பாடு, படிவம், போதனா வைத்தியசாலை, அங்கிருந்து வாய், முக சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்து என்று போவதே சரியான வழி. வேரை உடனே எடுத்தே ஆகவேண்டுமென்றால், எடுக்க முன் ஒரு எக்ஸ்ரேயும் படமும் எடுத்து, எடுத்த துண்டையும் பெயர், திகதியோடு வைத்திருக்கும்படி வைத்தியரிடம் கேட்கலாம்.

இனித் தீங்கியல். கடமை இருக்கிறதா என்பதற்கு இரண்டு வரிக்கு மேல் செலவழிக்காதீர்கள். பரீட்சைப் புள்ளிகள் கடமை மீறலிலும் காரணத்தொடர்பிலும்தான் கிடைக்கும். சிக்கலையும் கவனயீனத்தையும் பிரித்தறியப் பல் வைத்தியரிடம் படியுங்கள். பல் பிடுங்கி இரண்டு முதல் நான்கு நாளில் குழியில் கடும் நோ வந்தால் அது பெரும்பாலும் ட்ரை சொக்கெட் (குழியின் இரத்தக்கட்டு இல்லாமற்போய் எலும்பு வெளிப்படுவது). சரியாகப் பிடுங்கினாலும் வரும். றூட் கனால் செய்யும்போது மெல்லிய பைல் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ஊசி) ஒன்று வேருக்குள் முறிவதும் நடக்கும். முறிந்ததை நோயாளிக்குச் சொல்லாமலும் அட்டையில் எழுதாமலும் மேலே அடைத்துவிட்டால் வழக்கின் நிறமே மாறுகிறது. கீழ் ஞானப்பல் எடுத்த பின் கீழுதடும் நாடியும் (மோவாய்) விறைத்தால் கீழ்த்தாடைப் பற்குழி நரம்பு, நாக்கு விறைத்தால் நாக்கு நரம்பு. இரண்டும் தெரிந்த ஆபத்துகள். ஆகவே கேள்வி இப்படி வரும்: ஓ.பி.ஜி. (முழுத் தாடையையும் காட்டும்) எக்ஸ்ரேயில் வேர் நரம்புக் குழாயோடு ஒட்டிக் கிடந்ததா, அது நோயாளிக்குச் சொல்லப்பட்டதா, மாற்று வழி பேசப்பட்டதா?

பொறுப்புள்ள வைத்தியர் குழு ஒன்று ஏற்கும் நடைமுறையை அளவுகோலாக்கிய இங்கிலாந்தின் போலம் வழக்கை (1957) எழுதுபவர்கள் 2015இன் மொன்ட்கொமரியை விட்டுவிடக் கூடாது. ஆபத்தைச் சொல்லும் கடமைக்கு அளவுகோல் மொன்ட்கொமரியில் நோயாளியின் பக்கம் திரும்புகிறது. இலங்கைக்கு பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன, 2001. வைத்தியரின் கவனயீனம் காணப்பட்டும், அதுதான் நோயாளியின் மரணத்துக்குக் காரணம் என்று நிகழ்தகவின் சமநிலையில் நிரூபிக்கப்படாததால் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை நீக்கியது. பல் கேள்விக்கு இதைப் பொருத்திப் பார்க்காமல் வெறுமனே பெயரை எழுதினால் பயனில்லை. இந்தியக் குறிப்புகளில் கவனம்: நுகர்வோர் மன்றம், மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த சாந்தா வழக்கு, 2024 வரை கவனயீன மரணத்துக்கு இருந்த 304ஏ பிரிவு எல்லாம் அந்த நாட்டுச் சட்டம். இங்கே கவனயீனத்தால் மரணம் 298ஆம் பிரிவு. பல் வைத்தியரின் பதிவும் ஒழுக்கமும் 1927இன் மருத்துவக் கட்டளைச்சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையிடம்.

காலக்கெடுவில் தவறினால் மீள முடியாது. காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவில் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். அரச வைத்தியசாலைச் சிகிச்சை என்றால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவுப்படி ஒரு மாத அறிவித்தல் முன்கூட்டியே போக வேண்டும். ஆகவே 24ஆம் மாதம் வரை காத்திருக்க வழியில்லை. ஆவணத்துக்கு 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும், ஆனால் மருத்துவப் பதிவு என்பதால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். தனியார் கிளினிக்குக்கு நோயாளியே கையொப்பமிட்ட கடிதம், அட்டைப் பிரதியும் எக்ஸ்ரேயும் தனித்தனியாகக் கேட்டு.

பல் வைத்தியரை அணுகும் முறையைப் பற்றிப் பாடப்புத்தகம் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் பல் மருத்துவ பீடம் இல்லை. இங்குள்ள பல் வைத்தியர் வட்டம் சிறியது, பேராதனையில் ஒரே வகுப்பில் இருந்தவர்களும் அதில் உண்டு. ஒருவருக்கு எதிராக மற்றவரைச் சாட்சியாகக் கூப்பிடுவது அவருக்கு லேசான காரியமில்லை. "கவனயீனமா?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார், அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். "38இன் வேர் இந்தப் படத்தில் எங்கே கிடக்கிறது? இந்த நிலையில் வழமையாக என்ன செய்யப்படும்?" என்று கேட்டால் தெளிவாகப் பேசுவார். சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 45ஆம் பிரிவு கேட்பதும் அந்தக் கருத்தைத்தான். பெயர்களை மறைத்து, முழு அட்டையையும் கொடுங்கள். உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் கொடுத்தால் குறுக்கு விசாரணையில் அவர் அவமானப்படுவார், அடுத்த முறை உங்களுக்கு வரமாட்டார்.

நோயாளியை அனுப்பினால் பங்கு என்ற பேச்சு எந்த வடிவிலும் வேண்டாம். சட்டத்தரணிகளுக்கான 1988இன் நடத்தை விதிகள் ஆள்பிடித்தலைத் தடுக்கின்றன. கிளினிக்குக்குச் சம்மதப் படிவம் எழுதிக் கொடுத்தால் தமிழில் எழுதுங்கள்: பல் இலக்கம், சிகிச்சை, அதற்குரிய ஆபத்து, மாற்று வழி, திகதி, கையொப்பம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா ஆங்கிலப் படிவத்தில் வைத்த கையொப்பம் யாரையும் காப்பாற்றாது. அப்படி எழுதிக் கொடுத்த கிளினிக்குக்கு எதிராக நோயாளி வந்தால் வழக்கை ஏற்காமல் வேறு சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். முறைப்பாடு வந்த பிறகு வைத்தியர் அட்டையைத் திருத்தலாமா என்று கேட்டால் பதில் ஒன்றே: பழைய வரியைத் தொட வேண்டாம். விடுபட்டதை அன்றைய திகதியோடு கீழே தனியாக எழுதி ஒப்பமிடட்டும்.