முழுநேர வேலையோடு மாலையில் ஒரு கணினிப் பாடநெறி: ஸ்காபரோவில் நான் தெரிவுசெய்த விதம்

கனடாவுக்கு வந்து முழுநேர வேலையொன்றில் நிலைகொண்டபின் மாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிறவர், எந்தப் பாடத்தை எடுப்பது என்று விசாரிப்பதற்கு முன்பே எந்த மணித்தியாலங்கள் உண்மையில் தம் கையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வேலை செய்யும் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பகல், பிற்பகல், இரவு என்று மூன்று ஷிப்ட்டுகள் உண்டு. இரவு ஷிப்ட்டுக்கு மணிக்கூலி சற்றுக் கூட. புதிதாக வந்தவர்கள் பலர் அதனாலேயே அதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுமானால், செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு என்று நிலையாக நடக்கும் எந்த வகுப்பிலும் இருக்க முடியாது. ஆகவே என் படிப்பின் முதல் செலவு கல்லூரிக் கட்டணமாக இருக்கவில்லை. நிரந்தரப் பகல் ஷிப்ட்டைக் கேட்டுப் பெற்றபோது கைவிட்ட அந்த மேலதிகக் கூலியே முதல் செலவு. இதை மனைவியோடு இருந்து கணக்குப் பார்த்து, வீட்டு வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் குறை வராது என்று தெளிந்த பின்னரே மேற்பார்வையாளரிடம் பேசினேன்.

அடுத்தது பயணம். 2023 யூலையில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஓடிய ஆர்.டி. தொடருந்து தடம்புரண்டு, அந்தப் பாதை மீளத் திறக்கப்படாமலே மூடப்பட்டதிலிருந்து, கென்னடி நிலையத்துக்கும் ஸ்காபரோ சென்டருக்கும் இடையில் பேருந்தையே நம்ப வேண்டியிருக்கிறது. சென்ரெனியல் கல்லூரியின் புரோகிறஸ் வளாகம் ஸ்காபரோவுக்குள்ளேயே இருக்கிறது. செனெக்காவின் நியூன்ஹாம் வளாகமோ ஃபின்ச் அவெனியூவில், நோர்த் யோர்க் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் எட்டிவிடும் தூரம்தான். சனவரி மாதத்து உறைபனியில், எட்டு மணிநேரம் இயந்திரத்தின் முன் நின்ற கால்களோடு, இரவு ஒன்பதரைக்கு மேல் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு அந்தத் தூரம் வேறு. இணையவழி வகுப்புகள் இப்போது நிறைய உண்டு. அவற்றிலும் ஆசிரியர் குறித்த நேரத்தில் நேரலையில் கற்பிக்கும் வகுப்பையே நான் விரும்பினேன். விரும்பிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும் காணொளிப் பாடம், களைத்த உடம்போடு வீடு திரும்புகிறவருக்கு என்றும் நாளைக்கே உரியதாகிவிடுகிறது.

எதைப் படிப்பது என்பதில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கோயிலில் கண்ட அண்ணா ஒருவர், "தம்பி, கிளவுட் படியும், இனி எல்லாம் அதுதான்" என்றார். இணையவழி வாடகைக்கு எடுக்கும் கணினிச் சேவைகளைத்தான் அவர் சொன்னார். மனைவியின் தம்பி இணையப் பாதுகாப்பு என்றார். இன்னொருவர் பைதன் நிரல்மொழி என்றார். எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். எல்லாம் நல்ல துறைகளும்தான். ஆயினும் நான் அந்தப் பேச்சுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, கனடிய அரசின் ஜொப் பாங்க் தளத்தில் ஆரம்ப நிலை வேலைகளுக்கான அறிவித்தல்களைப் பல வாரங்களாக வாசித்தேன். இணையப் பாதுகாப்பு வேலைகளில் பெரும்பாலானவை முன் அனுபவம் கேட்டன. கணினிக் கோளாறுகளைத் தீர்த்துத் தரும் உதவி மேசை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர் போன்ற வேலைகளே வெளியிலிருந்து ஒருவர் நுழையக்கூடிய வாசலாகத் தெரிந்தன. யாழ்ப்பாணத்தில் மின்னியல் படித்து வயரும் அளவுகருவியுமாய்ப் பழகிய எனக்கு, வலையமைப்பே கைக்கு வரும் என்று தோன்றியது. பணம் கட்டுவதற்கு முன் அதையும் சோதித்துப் பார்க்க முடிந்தது. ரொறன்ரோ பொது நூலக அட்டை இருந்தால் லிங்ட்இன் லேர்னிங் இணையத்தளத்தின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளும் இலவசம். அதில் ரவுட்டர், சுவிட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகளைத் திரையிலேயே இணைத்துப் பழகலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதில் இருந்தபோது நேரம் போனது தெரியவில்லை. அதையே போதிய சான்றாக எடுத்துக்கொண்டேன்.

எங்கே படிப்பது என்பதில்தான் நம்மவர்கள் மிகவும் நிதானமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்ராறியோ மாகாணத்தில் சென்ரெனியல், செனெக்கா, ஜோர்ஜ் பிறவுண் போன்ற அரச கல்லூரிகளில் வேலை செய்வோருக்கான தொடர்கல்விப் பிரிவுகள் உண்டு. அங்கே பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டணம் செலுத்தி, காலப்போக்கில் சான்றிதழாகச் சேர்த்துக்கொள்ளலாம். தனியார் தொழிற்கல்லூரிகள் வேறு வகை. சில மாதங்களில் டிப்ளோமா என்பார்கள், கட்டணம் மொத்தமாகப் பல ஆயிரம் டொலர் வரும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் நான் விசாரிக்கப் போன ஓரிடத்தில், பாடத்திட்டத்தைக் காட்டுவதற்கு முன்பே கடன் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்கள். வேலை நிச்சயம் என்று வாயால் சொன்னதை எழுதித் தரக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். இப்படியான இடத்தில் கையெழுத்திடுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில. தனியார் தொழிற்கல்லூரியும் அதன் தொழிற்பயிற்சிப் பாடநெறியும் மாகாணக் கண்காணிப்பாளரின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்; அந்தப் பட்டியலை எவரும் அரச தளத்தில் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்து இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து விலகினால், கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கூச்சத்தாலும் மொழித் தயக்கத்தாலும் இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

நான் அரச கல்லூரியைத் தெரிவுசெய்தேன். ஒரு பாடம் பெரும்பாலும் வாரம் மூன்று மணிநேரமாகப் பதினான்கு வாரம் நடக்கும். செப்டெம்பர், சனவரி, மே என்று தவணைகள் தொடங்கும். முதல் தவணையில் ஒரேயொரு பாடம்தான் எடுத்தேன். ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தில் பகுதிநேர மாணவர்களுக்கும் கடன் உண்டு என்றாலும், சம்பளத்தில் கட்டக்கூடிய வேகத்திலேயே படிப்பது என்று முடிவுசெய்தேன். வரி விண்ணப்பத்தில் கனடா பயிற்சி வரவு என்று ஒன்றும் இருக்கிறது: தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு 250 டொலர் வீதம், வாழ்நாளில் 5,000 டொலர் வரை சேரும், கட்டணத்தின் அரைவாசிக்கு மேற்படாமல் அதிலிருந்து பெறலாம். கல்லூரி தரும் டி2202 என்ற கட்டணச் சான்றுப் படிவத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

தொழிற்துறைப் பரீட்சைகளை அவசரப்பட்டு எழுதுவதில்லை என்பதும் என் தீர்மானம். கணினி உதவி வேலைகளுக்கான கொம்ப்டியா ஏ பிளஸ் சான்றுக்கு இரண்டு பரீட்சைகள், வலையமைப்புக்கான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றுக்கு 2020 பெப்ரவரி முதல் ஒரே பரீட்சை. இரண்டு சான்றுகளும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். தொழிற்சாலையில் நின்றபடியே அந்த மூன்று ஆண்டுகளைக் கரையவிடுவதில் பயனில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் தவணையின் முடிவில் எழுதினால்தான், வேலை தருகிறவர் முன்னிலையில் அந்தச் சான்று புதிதாக இருக்கும்.

வகுப்பு நாட்களில் பிள்ளைகளின் பாடசாலை வேலைகளை மனைவி பார்க்கிறார். சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போகும்போது சமையலும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் என் பொறுப்பு. மே தவணையில் நான் பதிவுசெய்வதில்லை. கோடையில் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள், தொழிற்சாலையில் ஓவர்டைமும் கிடைக்கும். அந்த ஓவர்டைம் பணம் செப்டெம்பரில் எடுக்கவிருக்கும் லினக்ஸ் இயங்குதளப் பாடத்தின் கட்டணத்துக்கென்று வேறாக ஒதுக்கப்படுகிறது.