கத்தரிக்குப் பழகிய கை: ஒரு கொலாஜ் நாட்குறிப்பு

ஜூன் 4

இன்று முழுக்க ஹன்னா ஹோக். தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கொலாஜ் கலையில் பெயர்பெற்ற ஜெர்மன் ஓவியர். 1916 முதல் 1926 வரை பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். பெண்கள் பத்திரிகைகளுக்குப் பூவேலை, லேஸ் மாதிரிகள் வரைந்து கொடுப்பது அவருடைய பிழைப்பு. 1920-இல் பெர்லினில், பழைய கலை மரபுகளைக் கேலி செய்த டாடா என்ற கலை இயக்கத்தின் கண்காட்சியில் வைத்த பெரிய கொலாஜில் ஜெர்மன் படைத்தலைவர் ஹிண்டன்பர்க்கின் தலை ஒரு நடனக்காரியின் உடம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கான படங்களில் பல, அவர் சம்பளம் வாங்கிய அதே பதிப்பகத்தின் பத்திரிகையில் வெட்டியவை. பிழைப்புக்குப் பழகிய கை, கலையில் எவ்வளவு துணிச்சலாகப் போயிருக்கிறது!

அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் உண்டு. அம்மா தையல் வேலை செய்தவர். பழுப்புத்தாளில் அளவு வரைந்து வெட்டுவார். கழுத்து, கை, முன்பாகம் எல்லாவற்றையும் துணிமேல் பரப்பி, நகர்த்தி, திருப்பி, துணி வீணாகாத இடம் அமைந்த பிறகுதான் கத்தரியை எடுப்பார். நான் ஓவியப் பள்ளிக்குப் போனதில்லை. எதை எங்கே வைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நகர்த்தல்தான்.

ஜூன் 6

அட்டை தயார் செய்தேன். ஈரப்பசை பட்டால் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை வளைத்துவிடும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். மேலே கனம் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9

பிக்காசோ 1912-இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட ஆயில்கிளாத்தை (எண்ணெய் பூசிய மேசைத்துணி) படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். ஜெர்மன் கொலாஜ் கலைஞர் ஷ்விட்டர்ஸ் பஸ் டிக்கெட்டுகளை அச்செழுத்து தெரியும்படியே ஒட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண் மேரி டெலனி இவர்களுக்கு நேர்எதிர். 72 வயதில் தொடங்கி, கறுப்புத் தாளின்மேல் வண்ணத்தாள் இதழ்களை அடுக்கி, கிட்டத்தட்ட ஆயிரம் மலர்கள் செய்தார். தாள் என்றே தெரியாது, செடி என்றுதான் தோன்றும். அந்தப் பொறுமையை வணங்குகிறேன். ஆனால் என் மனம் ஷ்விட்டர்ஸ் பக்கம்தான். ஒரு துண்டு படத்துக்குள் வந்த பிறகும் தன் பழைய வேலையை மறக்கக் கூடாது.

ஜூன் 13

அம்மாவின் பழுப்புத்தாள் அளவுகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒரு கைப்பாகத்தில் பென்சில் கோடு, ஊசி குத்திய துளைகள், ஓரத்தில் அவர் கையெழுத்தில் அங்குல எண். அதன் பக்கத்தில் கடித உறையின் உள்பக்க நீலக் கோடுகளை வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. உறையைக் கையால்தான் கிழித்தேன். இழுக்கும் பக்கத்தைப் பொறுத்து ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு தெரியும், மற்றதில் மறையும். எனக்கு வெள்ளை விளிம்பு வேண்டும், நீலத்துக்கும் பழுப்புக்கும் நடுவே மூச்சுவிட இடம் தரும்.

கைப்பாகத்தை மட்டும் வெட்டவோ கிழிக்கவோ போவதில்லை. எண் மேலே தெரியும்படி முழுசாக ஒட்டப் போகிறேன்.