இரண்டாவது கையெழுத்து

அக்டோபர் 31, 2024
தீபாவளி. இங்கிலாந்தின் முதியோர் இல்லத்தில் எனக்கு இரவுப் பணி.

நவம்பர் 2
புதிய பட்டியல் ஒட்டிவிட்டார்கள். மறுபடியும் மேல்மாடி, மறுபடியும் இரவு. கானா அக்கா, பிலிப்பைன்ஸ் பெண்கள், நான். புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டிய முதியவர்கள் எல்லோரும் மேலேதான். கீழ்மாடிப் பகல் பணி முழுக்க வெள்ளைக்காரப் பெண்கள். அக்கா சொன்னபடி பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டிலிருந்து ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்.

நவம்பர் 4
மூலை அறைத் தாத்தா, கறுத்த கை தன்மேல் படக்கூடாது என்று கத்தினார். மறதி நோய், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. "குடியிருப்பவரின் விருப்பம். இவரை அந்த அறைக்கு அனுப்ப வேண்டாம்" என்று மேலாளர் குறிப்பேட்டில் எழுதினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீல மை. என் பெயரைப் பிழையாக எழுதி, அடியில் கோடு வேறு.

நவம்பர் 5
இங்கே ஆண்டுதோறும் வரும் கை ஃபாக்ஸ் நாள், ஊரெங்கும் பட்டாசு. மேல்மாடியில் யாரும் தூங்கவில்லை. தேநீர் நேரத்தில் அக்கா தான் எழுதிய புகார்க் கடிதத்தைப் படித்துக் காட்டினார். முதல் பத்தியிலேயே, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 2010 சமத்துவச் சட்டம். பெயர்களை வட்டமாக எழுதினால் முதலில் கையெழுத்துப் போட்டது யார் என்று தெரியாது என்றாள் ஒருத்தி. அக்கா ஒப்பவில்லை. "என் பெயர் மேலே இருக்கட்டும். எனக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்கிறது. உங்கள் விசா நிர்வாகத்தின் கையில்." இவரை நம்பிப் பின்னால் போகலாம்.

நவம்பர் 6
வேலை போனால் வேறு இடம் தேட 60 நாள். 60 நாள்.

நவம்பர் 9
லண்டனில் டாலிஸ் ஹில் போயிருந்தேன். கிரன்விக் தொழிற்சாலைப் போராட்டத்தின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. 1976 ஆகஸ்டில் புகைப்படம் கழுவும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஜெயாபென் தேசாய் மகனோடு வெளியேறினார். பிறகு 137 பேர் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தவர்கள். 1978 ஜூலையில் தோற்றுத்தான் முடிந்தது. தேசாயை எல்லோருக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடமும் மாமியாரிடமும் என்ன சொன்னார்கள்? வாடகைக்கு என்ன செய்தார்கள்? அவர்கள் வந்திராவிட்டால் தேசாய், கோபித்துக்கொண்டு வேலையை விட்ட ஒரு பெண், அவ்வளவுதான்.

நவம்பர் 10
தஞ்சாவூரிலிருந்து அம்மா. "ஊர்வம்பு உனக்கு எதற்கம்மா? தங்கச்சி படிப்பு முடியட்டும்."
என் பெயரல்லவா அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது, அம்மா. சொல்லவில்லை. கடன் எவ்வளவு பாக்கி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நவம்பர் 12
போட்டுவிட்டேன். அக்காவின் பெயருக்கு நேர் கீழே. மருந்துத் தள்ளுவண்டியில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. கயிறு எட்டாததால் தாளை வண்டிமேலேயே வைத்து எழுதினேன். நான் எழுதி முடிப்பதற்குள் வட்டமாக எழுதச் சொன்னவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். காலைக்குள் மேல்மாடி முழுவதும் போட்டாயிற்று.

நவம்பர் 13
அக்காவைத் தனியாக வரச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். முறையான விசாரணைக்குத் தொழிற்சங்கத்தவரையோ உடன் வேலை செய்பவரையோ அழைத்துவர உரிமை இருக்கிறது. "நீ வா" என்றார். வெள்ளி காலை 10 மணி.

நவம்பர் 14
உடன் போகிறவர் பேசலாம். கேள்விக்கு அக்காவுக்குப் பதிலாக விடை சொல்லக் கூடாது. சரி. படங்களைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்டு முடிந்தது. செப்டம்பரில் ஒரு வாரம் காணவில்லை, அக்காவிடம் கேட்க வேண்டும்.