கிளியர் அடிக்கும் நாட்களும் அண்ணாவின் இருமலும்

பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, அண்ணாவின் கராஜ் இருக்கிறது. வாகனங்களின் நெளிவெடுக்கும் ரிங்கரிங், பெயின்ட் இரண்டும் செய்கிறோம். இரண்டு பொடியன்கள் வேலைக்கு நிற்கிறார்கள். கணக்கும் பில்லும் என் பொறுப்பு. பெயின்ட் அடிப்பது எப்போதும் அண்ணாதான். போன வருடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

இருமல் முதலில் இரவில்தான் வந்தது. சோளகம் தொடங்கிய நேரம் என்பதால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் காற்றுக்குச் செம்மண் தூசி வீடெல்லாம் படியும், ஊரே இருமும். மருந்தெடுத்த இடத்திலும் தூசி ஒவ்வாமை என்றே சொன்னார்கள். மருந்துக்குக் குறையும், ஒரு கிழமையில் திரும்ப வரும். பிறகு நெஞ்சு இறுக்கமும் இழுப்பும் சேர்ந்துகொண்டன.

அண்ணிதான் முதலில் கண்டுபிடித்தார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு கிழமை கராஜைப் பூட்டியிருந்தோம். "அந்தக் கிழமை முழுக்க இவர் ஒருக்காலும் இருமவில்லை, கவனிச்சனியா?" என்று கேட்டார். வைகாசியில் வற்றாப்பளையில் தூசிக்கு என்ன குறை? தூசிதான் காரணம் என்றால் அங்கே இன்னும் கூடியிருக்க வேண்டும்.

அன்றிரவு பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த வாகனத்துக்கு எந்த நாளில் என்ன வேலை என்பது அதில் இருக்கும். அண்ணி தனக்கு நினைவிருந்த இரவுகளைச் சொல்லச் சொல்ல, கலண்டரில் நீலப் புள்ளி வைத்தேன். பெயின்டுக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் பூச்சு அடித்த நாட்களுக்குச் சிவப்பு. இரண்டு மாதத்தை முடித்துவிட்டுப் பார்த்தால், சிவப்பு இருந்த இடமெல்லாம் அதே நாளிலோ அடுத்த நாளிலோ நீலம் இருந்தது. பள்ளம் நிரப்பும் பட்டி போட்ட நாளில் இல்லை, வெறும் ரிங்கரிங் நாளிலும் இல்லை.

அந்தக் கலண்டரோடுதான் கிளினிக்குக்குப் போனோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: எத்தனையோ தடவை மருந்தெடுத்தும் நடக்காதது, அந்த ஒரு தாளால் நடந்தது. டொக்டர் அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "என்ன வேலை செய்யிறீங்கள்? அடுத்த முறை அந்த டின்னையும் கொண்டு வாங்கோ" என்றார். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்று ஊதிப் பார்க்கும் சிறிய குழாய்க் கருவி ஒன்றை வாங்கி, ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதி எழுதச் சொன்னார். வேலை நாட்களிலும் எழுத வேண்டும், லீவு நாட்களிலும் எழுத வேண்டும். நான்கு கிழமை எழுதினோம். லீவில் 480க்குக் கிட்ட நின்ற எண், கிளியர் அடித்த நாள் இரவில் 350க்கு இறங்கியது. பிறகு நெஞ்சு நோய் நிபுணரிடம் அனுப்பினார்கள். வேலையால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானது.

டின்னில் என்ன இருந்தது? கிளியர் இறுகுவதற்காக அதோடு கலக்கும் ஹார்ட்னரின் லேபிளில் சின்ன எழுத்தில் ஐசோசயனேட் என்று போட்டிருந்தது. மூச்சில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம் என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே. இத்தனை வருடம் அந்த டின்களுக்குக் காசு கட்டியவள் நான், ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. 1984இல் போபாலில் கசிந்ததும் ஐசோசயனேட் என்று ஒரு பொடியன் போனில் தேடிவிட்டுப் பயந்துபோனான். அது மீதைல் ஐசோசயனேட், அதே குடும்பத்தில் வேறு பொருள். ஹார்ட்னரில் இருக்கும் வகை தானாக அவ்வளவு ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் போட்டு அடிக்கும்போது நுண்துளியாகிக் காற்றில் மிதக்கிறது, அதைத்தான் நுரையீரல் இழுக்கிறது.

விற்பனையாளரிடம் கேட்டால் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைக்கும். 16 பகுதிகள் இருக்கும். எங்களுக்கு உதவியவை மூன்றாவதும் எட்டாவதும்: உள்ளே என்ன இருக்கிறது, என்ன பாதுகாப்பு வேண்டும். பிரித்தானியாவில் இந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.02 மில்லிகிராம். அந்த அளவை மூக்கால் பிடிக்கவே முடியாது. கராஜில் மணப்பது தின்னர். "மணம் போயிட்டுது, மாஸ்க்கைக் கழட்டு" என்று அண்ணா பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். ஆலோசனை கேட்கலாம், நாங்களும் கேட்டோம். ஆனால் ஒருவர் வந்து பார்க்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனம் வரவில்லை.

முதலில் செய்தது ரோச் லைட் பரிசோதனை. இருட்டியபின், பெயின்ட் அடிக்கும் கொட்டிலின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஹார்ட்னர் கலக்காமல் வெறும் தண்ணீரைக் கன்னில் ஊற்றி, ஒரு பொடியனைப் பழைய கதவொன்றுக்கு அடிக்கச் சொன்னோம். பலமான ரோச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தேன். பகலில் எதுவுமே தெரியாத இடத்தில், ஒளி போன பாதை முழுக்கத் துளிகள் மினுங்கின. கதவில் பட்ட காற்று திரும்பி அடிப்பவனின் முகத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. அப்படியே மெதுவாக, பலகைத் தடுப்புக்கு மேலால் ஏறி, என் மேசைப் பக்கம் இறங்கியது. அந்த மேசையில்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி வைப்பேன்.

அடுத்தது, பனிமூட்டம் மாதிரி மிதக்கும் அந்தத் துளிப் புகார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. கலியாண மேடைக்குப் புகை விடும் மெஷின் ஒன்றைச் சவுண்ட் சேர்விஸ்காரரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். கொட்டிலை நிறைத்துவிட்டுப் போனில் நேரம் வைத்தோம். சோளகத் தூசி ஈரக் கிளியரில் ஒட்டாமல் இருக்கக் கதவெல்லாம் பூட்டித்தான் எப்போதும் அடிப்போம், ஆகவே அன்றும் பூட்டினோம். 40 நிமிடம் போயும் ரோச் வெளிச்சத்தில் புகை தெரிந்தது. அண்ணா அடித்து முடித்து 5 நிமிடத்தில் மாஸ்க்கைக் கழற்றுவார். மிச்ச நேரமெல்லாம் அவர் அதைத்தான் சுவாசித்திருக்கிறார். தூசிக்குப் பயந்து பூட்டிய கதவுதான் புகாரை உள்ளே வைத்திருந்தது.

சரி, கதவைத் திறந்தால் வேலை கெடும், பூட்டினால் ஆள் கெடும். இரண்டுக்கும் நடுவில் வழி தேடினோம். ஒரு பக்கச் சுவரில் அகலமாக வெட்டி, தூசி பிடிக்கும் வடிகட்டி விரிப்புப் போட்டோம். எதிர்ச் சுவரில், நிலத்துக்குக் கிட்ட, இழுக்கும் விசிறி. தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தங்கும். அது தீப்பிடிக்கவும் கூடியது. அதனால் சாதாரண விசிறியை வாங்கிப் பூட்டிவிடாதீர்கள், மோட்டரின் ஒரு பொறி போதும். எங்களுடையது பெல்ட்டில் ஓடுவது, மோட்டர் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கிறது. வெளியேறும் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கிழமை வாக்குவாதம். தென்மேற்கே வைத்தால் சோளகம் திருப்பித் தள்ளும், வடகிழக்கே வைத்தால் மாரியில் வாடை தள்ளும். கடைசியில் கூரைக்கு மேலே நேராக உயர்த்தினோம். பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்கும் போகாது. திரும்பப் புகை விட்டுப் பார்த்தபோது 8 நிமிடத்தில் தெளிந்தது. என் மேசையும் தேத்தண்ணியும் இப்போது முன்பக்க அறையில்.

மாஸ்க்கைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், நாங்களும் தொடங்கினோம். கடையில் கிடைக்கும் துணி மாஸ்க் தூசிக்கே போதாது. கரி வடிகட்டி போட்டது தின்னர் மணத்தை மறைக்கும், ஆனால் ஐசோசயனேட்டுக்கு அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது, மணம் எச்சரிக்காதே. தாடி வைத்த முகத்தில் அது ஒட்டவும் மாட்டாது. எங்கள் பொடியன்கள் இரண்டு பேருக்கும் தாடி. ஆகவே கொம்பிரசரிலிருந்து காற்று வரும் முகமூடியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அதற்கு எண்ணெயும் தண்ணீரும் பிரிக்கும் வடிகட்டி வேண்டும். கொம்பிரசரும் கொட்டிலுக்குள் நிற்கக்கூடாது, ஜெனரேட்டர் புகைக்குக் கிட்டவும் கூடாது. இல்லையென்றால் அந்தக் குழாயாலேயே நஞ்சு வரும். எங்கள் கொம்பிரசர் அதுவரை பெயின்ட் அடிக்கும் மூலையிலேயே நின்றது.

மற்றவை சின்ன விஷயங்கள். கன்னைக் கழுவும்போது தின்னரைக் காற்றில் பீச்சியடிப்பதை நிறுத்தினோம். கையைத் தின்னரில் கழுவுவதையும் நிறுத்தினோம், இப்போது நைட்ரைல் கையுறை போடுகிறார்கள்.

அண்ணா இனிப் பெயின்ட் அடிக்க முடியாது. உடம்பு ஒருமுறை இந்தப் பொருளைப் பகையாக எடுத்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் இழுப்பைக் கொண்டுவரும் என்று நிபுணர் சொன்னார். 20 வருடமாகக் கைக்குள் வைத்திருந்த கன்னைப் பொடியனிடம் கொடுத்த அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. இப்போது ரிங்கரிங் மட்டும், அதுவும் கிளியர் அடிக்கும் நாளில் முற்றத்துக்கு அந்தப் பக்கம். நேரத்தோடு விலகியதால் இரவு இருமல் நின்றிருக்கிறது, ஊதும் எண்ணும் ஏறியிருக்கிறது. பொடியன்கள் இருவரையும் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்கில் காட்டுகிறோம்.

கிளியர் அடித்து முடிந்தால் அண்ணா முற்றத்தில் நின்று போனில் நேரம் பார்ப்பார். 8 நிமிடம் முடிந்து அவர் கையைத் தூக்கும்வரை உள்ளே நிற்பவன் முகமூடியைத் தொடக்கூடாது. போன மாதம் புகை மெஷினைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம், 11 நிமிடம் ஆனது. விசிறியின் பெல்ட் தளர்ந்திருந்தது. அதை மாற்றும்வரை மூன்று நாள் கிளியர் வேலை எடுக்கவில்லை.