வீணைக்கு மேளம் கட்டிப் பார்த்தது

பெரியம்மாவின் வீணை பல வருடங்களாக உறையோடு மூலையில் கிடந்தது. பலாமரக் குடத்துக்கும் தண்டிக்கும் பழுதில்லை என்றாலும், விரல் அழுத்தும் குறுக்குக் கட்டைகளான மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வறண்டு வெடித்து, 24 மெட்டுகளில் 9 கையோடு கழன்று வந்தன. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். கிளிநொச்சியிலிருந்து சனம் நெருக்கும் பேருந்தில் அவ்வளவு நீளமான வாத்தியத்தை ஏற்ற மனமில்லாமல், பழைய மெழுகு முழுவதையும் சுரண்டிவிட்டு நானே மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புது மெழுகில் சுருதிக்கேற்பப் பதிக்கத் துணிந்தேன்.

மெழுகுக்கு இங்கே குறைவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுத்தேன் எடுப்பவரிடம் பிழிந்த அடையை வாங்கி, வெந்நீரில் உருக்கிப் பழைய சேலைத்துணியில் வடித்து ஆறவிட்டேன். மேலே மஞ்சள் வட்டாகத் தேன்மெழுகு உறைந்தது. அதனோடு இடித்து அரித்த சிரட்டைக்கரித் தூளையும் சிறிது குங்கிலியத்தையும் சேர்த்தேன். முதற் கலவையில் கரி கூடிப்போய், ஆறியதும் விசுக்கோத்துப் போல உதிர்ந்தது. கரியைக் குறைத்துச் செய்த இரண்டாவது கலவை காலையில் கல்லாக இருந்து, தகரக் கூரையின் கீழ் பிற்பகல் வெக்கையில் இளகிவிட்டது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில்தான் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்னரே விரலுக்கு வளைந்து கொடுக்கும். சுரத்தை அசைத்து ஒலிக்கும் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும் வாத்தியத்தில், அந்த இழுவையோடு மெட்டும் சேர்ந்து நகர்ந்தால் சுருதி என்னாவது? மூன்றாவது கலவையைத்தான் ஏற்றுக்கொண்டேன்: நகத்தால் அழுத்தினால் தழும்பு விழும், தூள் கொட்டாது.

அளவில்தான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருந்தேன். குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து, தண்டியின் மறுமுனையில் அதைத் தாங்கும் மேரு வரை தந்தியின் நீளம் 82 சென்ரிமீற்றர். ஆகவே மேல் சட்ஜத்துக்குரிய 12ஆம் மெட்டு சரிபாதியான 41இல் நிற்கவேண்டும் என்று கணக்கிட்டு, அவ்விடத்திலேயே பதித்தேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு முதல் தந்தியான சாரணியை அந்த மெட்டில் ஒருமுறை மீட்டிவிட்டு, “கொஞ்சம் கூடிப்போச்சு, தம்பி” என்றார். கைபேசியின் சுருதிச் செயலியும் அவர் பக்கமே நின்றது. தந்தியை அழுத்தும்போது அது சற்றே இழுபட்டு விறைப்பதால் சுருதி ஏறிவிடுகிறது என்பது பிறகே எனக்கு விளங்கியது. நடுவில் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் நாதத்தையும், மெட்டில் அழுத்தி எழுப்பும் நாதத்தையும் மாறிமாறிக் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை மெட்டை மேருப் பக்கமாக நகர்த்தினேன். வேண்டியிருந்தது ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர்தான், ஆனால் அதற்கு ஒரு முழு மாலை போயிற்று. மெழுகில் பதிப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது; சூடான கம்பியைக் காட்டினால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8ஆம் மெட்டு ஒரு மயிரிழை உயர்ந்து நின்றதால் 7ஆம் மெட்டில் வாசித்தபோதெல்லாம் தந்தி அதில் தட்டி இரைந்தது. அமுக்கிவிட்டதும் இரைச்சல் நின்றது.

இதுவரை 17 மெட்டுகள் உறுதியாக நிற்கின்றன. மேருவுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே 4.6 சென்ரிமீற்றர் இருந்த இடைவெளி, கடைசி இரண்டு மெட்டுகளுக்கு இடையே 1.2 ஆகச் சுருங்குவதால், மெழுகை இளக்க நான் சூடாக்கும் தட்டைக்கம்பி அங்கே நுழையவில்லை. பழைய குடைக்கம்பி ஒன்றைத் தட்டி மெலிதாக்கித் தரும்படி கம்மாலையில் கொடுத்திருக்கிறேன்.